நாலு புள்ளி ஏழு

வைகாசியில் திருவந்திபுரம் மலைமேல்
ஒரே காலையில் எத்தனையோ தாலி ஏறும்.
அதில் மூன்று எங்களுடையது.
தேவநாதன் படம் பிடிப்பான், நான் வெட்டி ஒட்டுவேன்,
செம்மண்டலத்தில், மொட்டைமாடி கொதிக்கும் அறையில்.
மேசைக்கடியில் இருக்கும் கறுப்புப் பெட்டி
நாலு மணி நேரம் மென்று மென்று
ஒரு கல்யாணத்தைத் துப்பும்.

வாங்கும்போது அதன் வேகம் நாலு புள்ளி ஒன்று.
அட்டையிலேயே அச்சடித்திருந்தார்கள்.
அச்சடித்ததற்கு மேலும் ஓடும் என்று தெரியவந்த இரவு
எனக்குத் தூக்கம் போயிற்று.
பயாஸ் திரையில் ஓர் எண். அதைக் கூட்டு.
அதற்குத் தீனியாகக் கொஞ்சம் வோல்டேஜ். அதையும் கூட்டு.
காசு வேண்டாம், கடைக்காரன் வேண்டாம்,
ஸ்க்ரூ டிரைவர்கூட வேண்டாம்.

மூன்றில் ஒன்றும் ஆகவில்லை.
ஐந்தில் ஃபேன் கத்தியது.
எட்டில் நீலத்திரை.
ஒன்று குறைத்தேன்.

கீழ்வீட்டுப் பாடலீஸ்வரன் சிப்காட்டில் பாய்லர் பார்க்கிறவர்.
நைட் ஷிஃப்ட் முடித்து, லுங்கியோடு படியேறி வந்தார்.
"பகல்ல தூங்க விடமாட்டேங்குதே உங்க மெஷினு."
திரையில் சிவப்பாகத் தொண்ணூற்று மூன்று.
பெட்டிக்குப் பின்னால் கைவைத்துப் பார்த்தார்.
"எங்க பாய்லரும் எழுதியிருக்கறதுக்கு மேல ஏறுங்க.
ஏறாதுன்னா பயமே இல்லியே."
எவ்வளவு மிச்சமாகிறது என்று கேட்டார்.
முப்பத்தைந்து நிமிடம்.
"அதுல என்ன பண்றீங்க?"

என்ன பண்ணுகிறேன்.
மூன்றரை மணி நேரமும் அந்தச் சிவப்பு எண்ணைத்தான்
பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

கடலூரில் இதற்குத் தனிக் கணக்கு.
ரெண்டரை, மூன்று மணிக்கு
சில்வர் பீச் பக்கமிருந்து காற்று திரும்பும்.
பெட்டியை ஜன்னலோரம் இழுத்துவைத்தால் ஆறு டிகிரி இறங்கும்.
மேல்காற்று விடாத நாளில் ஐந்து மணியானாலும் வராது,
வந்தாலும் உப்போடுதான் வரும்:
சித்திரையில் மாட்டிய திருகாணி ஆனியில் செம்பழுப்பு.

புகை வரும் என்று காத்திருந்தேன்.
கருகல் வாசனை, டப்பென்று ஒரு சத்தம்,
பதினெட்டாயிரம் ரூபாய்.
அப்படி எதுவும் நடக்கவில்லை.

நெல்லிக்குப்பத்திலிருந்து செங்கமலம் போன் பண்ணினாள்.
"அக்கா, அட்சதை போடற எடத்துல நிறுத்துனா
பெரியப்பா மூஞ்சில பச்சையா ஒரு கட்டம்."

நொடிக்கு இருபத்தைந்து படம். அதில் ஒன்று.
ஓடவிட்டால் தெரியாது.
"யாரு நிறுத்திப் பாக்கப்போறா" என்றான் தேவநாதன்.
அவள் நிறுத்தியிருக்கிறாளே.
ஏன் அந்த இடத்தில் என்று நான் கேட்கவில்லை,
அவளும் சொல்லவில்லை.

தடுமாறியிருக்கிறது, விழவில்லை.
ஒரே ஒரு கூட்டல் தப்பியதை விழுங்கிவிட்டு
மீதிக் கணக்கையெல்லாம் சரியாகப் போட்டு
முடிந்தது என்று மணியடித்திருக்கிறது.
நானும் அதைப் பென்டிரைவில் ஏற்றி
குங்குமம் தொட்டுக் கொடுத்திருக்கிறேன்.

பழைய வேகத்துக்கே இறக்கி மறுபடி ஓட்டினேன்.
நாலு மணி பத்து நிமிடம்.
மாவு அரைத்தேன், துணி மடித்தேன், கொஞ்சம் கண்ணயர்ந்தேன்.
கட்டம் இல்லை.
பெரியப்பா முன்பல் ஒன்றில்லாமல் சிரித்துக்கொண்டிருந்தார்.

ஏழில் ஓட்டிக் கொடுத்தவை இன்னும் பதினோரு கல்யாணம்.
இரவில் ஒவ்வொன்றாகத் திறந்து
அம்புக்குறியை அழுத்தி அழுத்திப் பார்க்கிறேன்.
மூன்று மணி நேரத்துக்கு
இரண்டு லட்சத்து எழுபதாயிரம் படம்.
மூன்றாவது கல்யாணத்தில் இருக்கிறேன்.
இதுவரை எதுவும் கிடைக்கவில்லை,
கிடைக்காதது நிம்மதியாகவும் இல்லை.

ஆவணிக்கு ஐந்து புக்கிங்.
பழைய எண்களைப் பயாஸில் ஒரு ஓரமாகச் சேமித்திருந்தேன்,
இன்னும் அழிக்கவில்லை.
கீழே பாடலீஸ்வரனின் குறட்டை.
மணி ரெண்டேமுக்கால்.
ஜன்னல் திரை மெல்ல உள்பக்கமாக உப்புகிறது.